தலைக்கு ஒரு அம்மன் காசு

1915ஆம் வருஷம், ஆகஸ்ட் மாதம். உலகத்தின் இரண்டு மூலைகளில் இரண்டு விஷயங்கள் நடந்தன.

முதல் மூலை, அமெரிக்கா. ஹென்றி ஃபோர்டு தன்னுடைய 'மாடல் டி' காரின் விலையை மறுபடியும் குறைத்தார். 1908ல் 850 டாலருக்கு விற்ற டூரிங் கார், இப்போது 440 டாலர். இரண்டு பேர் மட்டும் உட்காரும் 'ரன்அபவுட்' வண்டி என்றால் இன்னும் மலிவு. 390 டாலர்தான்!

இரண்டாவது மூலை, ஆஸ்திரேலியா. ஆகஸ்ட் 10ஆம் தேதி மெல்பர்ன் நகரத்து ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் ஒரு கல்யாணம். பெண், மோலி ஃபிங்க். இருபது வயது. வக்கீல் ஒருவரின் மகள். மாப்பிள்ளை முப்பத்தொன்பது வயதுக்காரர். பெயர், மார்த்தாண்ட பைரவ தொண்டைமான். உத்தியோகம்... புதுக்கோட்டை சமஸ்தானத்தின் ராஜா!

காருக்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம்? இரண்டையும் முடிச்சுப் போட மூன்றாவதாக ஒரு சின்னப் பொருள் வேண்டும். செம்பால் ஆனது. சுண்டு விரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள் உட்கார்ந்திருப்பாள். மறுபக்கம் தெலுங்கில் 'விஜய' என்று எழுதியிருக்கும்.

புதுக்கோட்டை அம்மன் காசு.

"அவன்கிட்ட அம்மஞ்சல்லிகூடக் கிடையாது" என்று நம்ம பாட்டிமார்கள் சொல்வார்களே, அந்த வசவுக்குப் பின்னால் இருப்பதாகச் சொல்லப்படுவது இந்தக் காசுதான். ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஒரு அணாவுக்கு 20 அம்மன் காசு. ஆக, ரூபாய்க்கு 320 காசு. நவராத்திரியின்போது அரண்மனை தர்மமாக அரிசியோடு சேர்த்து இந்தக் காசையும் கொடுப்பார்கள். வரிசையில் நின்று வாங்கி மடியில் முடிந்துகொண்டு போவார்கள் ஜனங்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. பேப்பர், பேனா தேவையில்லை.

அந்த நாளில் ஒரு இங்கிலீஷ் பவுன் 15 ரூபாய். ஒரு பவுனுக்குக் கிட்டத்தட்ட நாலே முக்கால் டாலருக்கு மேல். 390 டாலர் ரன்அபவுட்டின் தொழிற்சாலை விலை, நம்ம பணத்தில் சுமார் 1,200 ரூபாய். அம்மன் காசில் சொன்னால் மூன்றே முக்கால் லட்சத்துக்கு மேல், நாலு லட்சத்துக்குள். 1911 கணக்கெடுப்பின்படி புதுக்கோட்டை சமஸ்தானத்தின் ஜனத்தொகை 4 லட்சத்துப் பதினோராயிரம் சொச்சம். அதாவது குழந்தை குட்டி, கிழவன் கிழவி அத்தனை பேரும் தலைக்கு ஒரே ஒரு அம்மன் காசு போட்டால் போதும். அமெரிக்காவில் ஒரு புத்தம்புது கார் வாங்கிவிடலாம்!

அட, அவ்வளவுதானா என்று தோன்றுகிறது இல்லையா? அங்கேதான் சூட்சுமம். அமெரிக்காவில் வாங்கிவிடலாம். புதுக்கோட்டைக்குக் கொண்டுவந்து ஓட்டுவது வேறு கதை. கப்பல் கூலி, இன்ஷூரன்ஸ், துறைமுகத்தில் 5 சதவிகித சுங்கம், ஏஜென்ட் லாபம் என்று ஒவ்வொன்றாக ஏறும். சமஸ்தானத்துக்குச் சொந்தமாகக் கடற்கரை கிடையாது. ரயிலும் கிடையாது. புதுக்கோட்டைக்கு ரயில் வந்ததே 1929ல்தான். திருச்சி ஸ்டேஷனில் இறங்கினால் அதற்கப்புறம் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் சாலைதான். பெட்ரோல் பங்க் என்ற வார்த்தையே ஊருக்குத் தெரியாத காலம். பெட்ரோல் தகர டின்களில் வரும். செம்பாறாங்கல் சரளையில் ஓடினால் டயர் எத்தனை நாள் தாங்கும்? டயர் கிழிந்தால் மெட்ராஸுக்கு ஆள் போகவேண்டும்.

சாலையை மட்டும் குறை சொல்ல முடியாது. திவான் சேஷையா சாஸ்திரி 1878 முதல் 1894 வரை சமஸ்தானத்தை நிர்வகித்தபோது நகரத்தையே கோடு போட்ட நோட்டுப் புத்தகம் மாதிரி நேர்நேர் வீதிகளாக மாற்றி வைத்திருந்தார். 1910களின் தொடக்கத்தில், பின்னாளில் டி.வி.எஸ். என்று நாடே அறிந்த டி.வி.சுந்தரம் ஐயங்கார், தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே பஸ் விட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் ஊருக்குப் புதிதல்ல. ஆனால் சொந்தமாக மோட்டார் வைத்துக்கொள்வது என்பது ராஜாவுக்கும் வெள்ளைக்காரத் துரைக்கும் பெரிய தனவணிகருக்கும் மட்டுமே சாத்தியம்.

இந்த ஊருக்குத்தான் மோலி வாழ வந்தார்.

*

வெள்ளைக்காரர் ஒருவர் நம்ம ஊரில் வாழ என்ன செலவாகும்?

இந்தக் கேள்விக்குப் புதுக்கோட்டைச் சீமையிலேயே பழைய பதில் ஒன்று இருக்கிறது. விராலிமலைப் பக்கம் ஆவூர். 1697ல் அங்கே தேவாலயம் எழுப்பியவர் பூஷே என்ற பிரெஞ்சுப் பாதிரியார். மதுரை மிஷனைச் சேர்ந்த இயேசு சபைத் துறவி. அந்த மிஷனுக்கு ஒரு வழக்கம் உண்டு. 1606ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி போட்ட பாதை அது. காவி உடை. மாமிசம் கிடையாது, மது கிடையாது. சோறு, கீரை, பால், பழம். இந்த ஊர் சந்நியாசி எப்படி வாழ்வாரோ அப்படி.

பூஷேயின் மாதச் செலவை இன்று யாராலும் ரூபாயில் சொல்ல முடியாது. ஆனால் விதி தெளிவாகத் தெரிகிறது. உள்ளூர்க்காரன் சாப்பிடுவதைச் சாப்பிட்டு, உள்ளூர்க்காரன் போகிற மாதிரி போனால் உள்ளூர்ச் செலவு. இல்லாவிட்டால் கப்பல் செலவு!

இருநூறு வருஷத்தில் இந்த விதியை வெள்ளைக்காரர்கள் சுத்தமாக மறந்துபோனார்கள். மெட்ராஸ் ராஜதானியில் ஒரு சாதாரண துரை வீட்டு வேலைக்காரர் பட்டியலைக் கேளுங்கள். பட்லர், குக்கு, மேட்டி, ஆயா, தண்ணீர் காய்ச்ச ஒருத்தி, எடுபிடி ஓடப் பையன், வண்ணான், தோட்டக்காரன், குதிரைக்கு ஒரு ஆள், அந்தக் குதிரைக்குப் புல் அறுக்க இன்னொரு ஆள். ஒரு குடும்பத்துக்குப் பத்துப் பேர். ஒவ்வொருவர் சம்பளமும் சொற்பம்தான். ஆனால் பட்லரின் கடைக் கணக்கில் ஒவ்வொரு சாமான் மீதும் 'தஸ்தூரி' என்று ஒரு கமிஷன் சத்தமில்லாமல் ஏறும். துரைசாணிக்கும் அது தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி கையெழுத்துப் போடுவாள்.

கோழி, முட்டை, அரிசி, காய்கறி எல்லாம் மலிவு. சீஸ், ஹாம், ஒயின், பிஸ்கட் என்று ஆரம்பித்தால் மவுண்ட் ரோடு ஸ்பென்சருக்குக் கடிதம் எழுதவேண்டும். 1878லேயே 'வைவெர்ன்' என்ற புனைபெயரில் மெட்ராஸ் சமையல் பற்றிப் புத்தகம் போட்ட கர்னல் கென்னி-ஹெர்பர்ட், சொந்த நாட்டு மக்களின் டின் உணவு மோகத்தைக் கண்டித்தார். யார் கேட்டார்கள்? இந்தியாவில் வெள்ளைக்காரனின் வாழ்க்கைச் செலவு என்பது பெரும்பாலும், இந்தியாவில் இல்லாதது மாதிரி வாழ்வதற்கான செலவு.

கார் அந்தப் பட்டியலில் கடைசியாகச் சேர்ந்த அயிட்டம். பல்லக்குத் தூக்குகிறவர்கள் போய், குதிரைக்காரனும் புல்லுக்காரியும் போய், டிரைவரும் கிளீனரும் வந்தார்கள். தூசிக்கும் வெயிலுக்கும் ஊருக்கும் கொஞ்சம் தள்ளியே இருந்துகொள்ள ஒரு வசதி.

*

சரி, மோலிக்கு இந்தச் செலவெல்லாம் ஒரு பிரச்னையா?

இல்லவே இல்லை. அவர் ராஜாவின் மனைவி. புதுக்கோட்டையில் பணத்தால் வாங்கக்கூடிய எதுவும் அவருக்குக் கிடைத்திருக்கும். பணத்தால் வாங்க முடியாத ஒன்றுதான் கிடைக்கவில்லை.

1915 அக்டோபரில் தம்பதி இந்தியா வந்தார்கள். ஊர் ஜனங்கள் அன்பாகத்தான் வரவேற்றார்கள். ஆனால் மெட்ராஸில் கவர்னர் பெண்ட்லண்டுக்கு இந்தக் கல்யாணம் கொஞ்சமும் பிடிக்கவில்லை. டெல்லிக்கும் பிடிக்கவில்லை. லண்டனுக்கும் பிடிக்கவில்லை. மோலியை மகாராணியாக அங்கீகரிக்க முடியாது. 'ஹர் ஹைனஸ்' என்று அழைக்க முடியாது. பிறக்கும் குழந்தைக்குச் சிம்மாசனம் கிடையாது. இதுதான் பிரிட்டிஷ் அரசு எடுத்த நிலை.

மோலி முதல் ஆளும் இல்லை. 1908ல் கபுர்தலா மகாராஜா ஜகத்ஜித் சிங், அனிதா தெல்காடோ என்ற ஸ்பெயின் நாட்டு நடனக்காரியைக் கல்யாணம் செய்துகொண்டபோதும் பிரிட்டிஷார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இந்திய ராஜா ஐரோப்பிய கார் வாங்கலாம், ஐரோப்பிய நாற்காலி வாங்கலாம், ஐரோப்பிய ஆசிரியரை வைத்துப் படிக்கலாம். மார்த்தாண்டரையே சின்ன வயதில் கிராஸ்லி என்ற இங்கிலீஷ்காரர்தான் வளர்த்து ஆளாக்கினார். ஐரோப்பியப் பெண்ணோடு சரிசமமாகக் குடும்பம் நடத்துவது மட்டும் கூடாது! ஆளுகிற இனத்துப் பெண், ஆளப்படுகிறவனின் மனைவியாகி அதே ஊரில் வாழ்ந்தால், மற்ற வெள்ளைக்காரர்களெல்லாம் அவளுக்குக் குனிந்து வணக்கம் சொல்லவேண்டி வருமே... அந்தக் கவலை.

இந்தப் பக்கம் அரண்மனைக்குள்ளும் நிம்மதி இல்லை. மோலி கர்ப்பமானார். அவருக்கு அரளி விஷம் கொடுக்க முயற்சி நடந்ததாக, மோலியின் வாழ்க்கைக் கதையை 1991ல் புத்தகமாக எழுதிய எட்வர்ட் டைக்கரும் கோரலி யங்கரும் பதிவு செய்திருக்கிறார்கள்.

இருபத்தோரு வயதுப் பெண். வயிற்றில் பிள்ளை. கூப்பிடுகிற தூரத்தில் தாய் இல்லை. திருச்சியிலோ மெட்ராஸிலோ இருக்கும் தன் நிறத்துக்காரர்கள் தன்னை ராணியாகப் பார்க்க மாட்டார்கள். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தால் பயம். எந்தச் செலவுக் கணக்கு நோட்டில் இதை எழுதுவது?

1916 ஏப்ரலில் இருவரும் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிவிட்டார்கள். சில மாதங்கள்தான் மோலியின் புதுக்கோட்டை வாழ்க்கை. ஜூலை 22ஆம் தேதி சிட்னியில் மகன் பிறந்தான். பிறந்த ஊரின் பெயரையே வைத்தார்கள். மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான். அதன்பின் அவர்கள் குடும்பமாகப் புதுக்கோட்டையில் வாழவே இல்லை. சிட்னி, லண்டன், கடைசியில் பிரான்ஸ் தேசத்துக் கடலோரத்தில் கான் நகரம்.

*

கதையின் சோகத்தில் நாம் மறந்துவிடக்கூடாத கேள்வி ஒன்று இருக்கிறது. சிட்னிக் குதிரைப் பந்தயத்துக்கும், லண்டன் வாழ்க்கைக்கும், கான் நகர மாளிகைக்கும் பணம் எங்கிருந்து போனது?

குளத்தையும் கண்மாயையும் நம்பி விவசாயம் செய்த புதுக்கோட்டையிலிருந்துதான். பெரிய ஜீவநதி இல்லை. மழை பொய்த்தால் பஞ்சம். அந்த மண்ணிலிருந்து வந்த வரிப்பணத்தில் அரண்மனைக்கென்று ஒதுக்கிய பங்குதான் கடல் தாண்டிப் போய் பவுனாகவும் பிராங்காகவும் மாறியது.

ஒரே ஒரு உதாரணம், உப்பு. சமஸ்தானத்தில் உவர் மண்ணிலிருந்து ஜனங்கள் உப்பு எடுத்துவந்தார்கள். 1887ல் அது நிறுத்தப்பட்டது. பிரிட்டிஷ் உப்பு வருமானம் கெடக்கூடாது அல்லவா? அதற்கு நஷ்டஈடாக பிரிட்டிஷ் அரசு வருஷத்துக்கு 38,000 ரூபாய் கொடுத்தது. மறுபடி நம்ம அம்மன் காசுக் கணக்குக்கு வாருங்கள். 1911 ஜனத்தொகைக்குப் பிரித்தால், தலைக்கு வருஷத்துக்குச் சுமார் 30 காசு. இரண்டணாகூட இல்லை. அதுவும் உப்பு எடுத்தவன் கையில் கொடுக்கப்பட்டதல்ல, கஜானாவுக்குப் போனது. அவன் கடையில் வரி கட்டின உப்பை வாங்கிக்கொண்டான். இதே 38,000 ரூபாய்க்கு 1915ல் ஃபோர்டு தொழிற்சாலை வாசலில் கிட்டத்தட்ட 28 டூரிங் கார் வாங்கலாம்.

ராஜா உப்புப் பணத்தில் கார் வாங்கினார் என்று சொல்லவில்லை. கஜானா வேறு, அரண்மனைப் பணம் வேறு. ஆனால் இரண்டுக்கும் ஊற்று ஒன்றுதான்.

காரிலும் இதே விளையாட்டு நடந்தது. 1915ல் 5 சதவிகிதமாக இருந்த சுங்கம் 1916ல் ஏழரை ஆனது. உலகப் போர் முடிந்ததும் மோட்டார் காரை ஆடம்பரப் பொருள் பட்டியலில் சேர்த்தார்கள். 1921ல் 20 சதவிகிதம். மறு வருஷமே 30! கார் புதுக்கோட்டையில் ஓடினாலும், வரி இறங்கிய துறைமுகத்திலேயே பிரிட்டிஷ் இந்தியாவின் பெட்டிக்குள் போனது. சமஸ்தானங்களுக்குப் பங்கு கிடையாது. 1927ல் அமைக்கப்பட்ட பட்லர் கமிட்டி முன்னால் இந்திய ராஜாக்கள் வைத்த முக்கியமான புகார்களில் ஒன்று இந்தச் சுங்கப் பங்குதான். ஜனங்களின் உப்பு பற்றி யாராவது அவ்வளவு சத்தமாகக் கேட்டார்களா?

1922ல் மார்த்தாண்டரின் சகோதரர் ரகுநாத பல்லவராயர் ரீஜண்ட் ஆனார். ராஜா தூரத்து ராஜாவாகவே இருந்தார். 1928 மே 28ஆம் தேதி பாரிஸில் காலமானார். வயது 52. உடல் புதுக்கோட்டை மண்ணுக்கு வரவில்லை. லண்டன் கோல்டர்ஸ் கிரீன் மயானத்தில் எரியூட்டப்பட்டது. சொன்னபடியே சிட்னிக்குச் சிம்மாசனம் இல்லை. ஆறு வயது ராஜகோபாலத் தொண்டைமானைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஜனங்களின் பொறுமைக்கும் ஒரு விலை உண்டு. 1931ல் புதிய வரிகளை எதிர்த்துப் புதுக்கோட்டை நகரமே கொந்தளித்தது. கலவரத்தை அடக்க வெளியிலிருந்து படை வரவேண்டியிருந்தது. அம்மன் காசு தர்மத்தை மடியில் முடிந்துகொண்டு போன அதே ஜனங்கள்தான்.

*

இதற்குப் பிறகு இன்னொரு வெள்ளைக்காரர் புதுக்கோட்டைக்கு வந்தார். அலெக்சாண்டர் டாட்டன்ஹாம், ஐ.சி.எஸ். அதிகாரி. 1934ல் வந்தவர், 1946ல் இறக்கும்வரை இந்த சமஸ்தானத்தை நிர்வகித்தார்.

மோலியையும் டாட்டன்ஹாமையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். இரண்டு பேரும் வெளிநாட்டவர். இரண்டு பேர் செலவையும் சுமந்தது ஒரே ஜனங்கள்தான். ஒருவர் இந்த ஊர்க்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தார். இன்னொருவர் நியமன உத்தரவோடு வந்தார். உத்தரவோடு வந்தவருக்குப் பன்னிரண்டு வருஷம் இடம் இருந்தது. தாலி உறவோடு வந்தவருக்குச் சில மாதம்கூட நிம்மதியாக இல்லை.

1948 மார்ச் 3ஆம் தேதி ராஜகோபாலத் தொண்டைமான் சமஸ்தானத்தை இந்திய யூனியனில் கரைத்தார். அத்தோடு அம்மன் காசின் கதையும் முடிந்தது. 1974ல் தனி மாவட்டம் உதயமானது. ராஜாவின் புதிய அரண்மனை கலெக்டர் ஆபீஸ் ஆனது. பட்டா கேட்டும் முதியோர் பென்ஷன் கேட்டும் மனு எழுதிக்கொண்டு ஜனங்கள் அதே வாசலில் நின்றார்கள். இந்தத் தடவை தர்மத்துக்காக அல்ல, உரிமைக்காக.

இன்று ஒரு வெளிநாட்டவர் புதுக்கோட்டைக்கு வந்தால் சித்தன்னவாசலில் நமக்கு ஒரு டிக்கெட், அவருக்குப் பல மடங்கு விலையில் ஒரு டிக்கெட். கார் வாங்கவேண்டுமா? விசாவும் தங்குமிடச் சான்றும் சரியாக இருந்தால், ஆர்.டி.ஓ. ஆபீஸில் டி.என். 55 என்று நம்பர் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். முணுமுணுத்தாலும் கட்டிவிடலாம். விலை எழுதிப்போட்ட எதுவும் பெரிய கஷ்டமில்லை.

மோலி 1967 நவம்பரில் கான் நகரில் இறந்தார். வயது 73. புதுக்கோட்டையின் ஒரு ராஜாவைக் கட்டிய பெண்ணை, அவருடைய வாழ்க்கைக்குப் பணம் கொடுத்த நாலு லட்சம் பேரில் பெரும்பாலோர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. தலைக்கு ஒரு காசாக, வருஷா வருஷம் அவர்கள் கொடுத்துக்கொண்டேதான் இருந்தார்கள். யாரும் அவர்களிடம் கேட்டு எடுக்கவில்லை. மோலியிடமும், நீ இங்கேயே இருக்கிறாயா என்று அதிகாரத்தில் இருந்த யாரும் கேட்கவில்லை.